ஏட்டையா பதில்கள்

போன இதழில் “காவல் துறையைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள், ஏட்டையா பதில் சொல்வார்” என்று ஆசிரியர் ஒரு வரி போட்டுவிட்டார். வந்த கடிதங்களைப் பார்த்தால், திருநெல்வேலிச் சீமையில் போலீசிடம் கேட்க முடியாத கேள்விகளை எல்லோரும் பத்திரமாக வைத்திருந்தது தெரிகிறது. என்னைப் பற்றி இரண்டு வரி. 1977இல் இரண்டாம் நிலைக் காவலனாகச் சேர்ந்து, சென்னை மாநகரக் காவலில் 35 வருடம் இருந்தேன். அதில் பாதிக்கு மேல், புகாரும் வழக்குக் குறிப்பும் எழுதும் ஸ்டேஷன் ரைட்டர் நாற்காலியில் கழிந்தது. 2012இல் ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டைக்குத் திரும்பினேன். கடைசியில் சிறப்பு உதவி ஆய்வாளராக இருந்தேன் என்றாலும், தெருவில் பால் ஊற்றுகிறவர் முதல் கோயில் குருக்கள் வரை எல்லோருக்கும் நான் ‘ஏட்டையா’தான்.

தச்சநல்லூர் வாசகர்: அண்ணாச்சி, நம்மூரில் எஸ்.பி. ஒருவர் இருக்கிறார், கமிஷனர் ஒருவர் இருக்கிறார். ஒரே ஊருக்கு இரண்டு பேர் எதற்கு? யார் பெரியவர்?

ஒரே ஊருக்கு இல்லை. டவுன், ஜங்ஷன், பேட்டை, தச்சநல்லூர், பாளையங்கோட்டை, ஹைகிரவுண்ட், பெருமாள்புரம், மேலப்பாளையம் ஆகிய ஸ்டேஷன்கள் கமிஷனருக்கு. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கமெல்லாம் எஸ்.பி.க்கு. இப்படி நினைவு வைத்துக்கொள்ளுங்கள்: நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்குக் கமிஷனர் தூங்கக் கூடாது, காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில் ஆடி அமாவாசைக்கு எஸ்.பி. தூங்கக் கூடாது.

1997 வரை நமக்கு எஸ்.பி. மட்டும்தான். அந்த ஆண்டு திருச்சி, சேலம், திருநெல்வேலி மூன்றையும் கமிஷனர் ஊர்களாக்கினார்கள். அதற்கென்று முழுதாக ஒரு புதுக் காவல் சட்டம் எழுதவில்லை. சென்னைப் பட்டணத்துக்காக 1888இல் விக்டோரியா ராணி காலத்தில் போட்ட நகரக் காவல் சட்டத்தையே நீட்டி நம் தலையிலும் போர்த்தினார்கள். குடித்துவிட்டுப் பொது இடத்தில் கலாட்டா செய்தால் ‘75 கேஸ்’ போட்டுவிட்டார்கள் என்று ஜங்ஷனில் சொல்கிறார்களே, அது அந்தச் சட்டத்தின் 75ஆம் பிரிவு. ஊர்வலத்துக்கு ஐந்து நாள் முன்பே அனுமதி கேள் என்பது 41ஆம் பிரிவு. மாவட்டக் காவலுக்கு அடிப்படை அதைவிடக் கிழடு. 1859ஆம் ஆண்டுச் சட்டம்.

யார் பெரியவர் என்றால், நெல்லைக் கமிஷனர் டி.ஐ.ஜி. அல்லது ஐ.ஜி. நிலையில் இருப்பார், எஸ்.பி.யைவிடப் பதவியில் மேல். ஆனால் உண்மையான வித்தியாசம் தோளில் இருக்கும் நட்சத்திரத்தில் இல்லை, பேனாவில் இருக்கிறது. மாவட்டத்தில் ஒருவரைக் குண்டர் சட்டத்தில் ஓராண்டு உள்ளே வைக்க வேண்டுமென்றால் எஸ்.பி. பரிந்துரைப்பார், கலெக்டர் கையெழுத்துப் போடுவார். கேட்கிறவர் ஒருவர், தருகிறவர் வேறொருவர். மாநகரத்தில் கமிஷனரின் ஆட்களே கேட்பார்கள், கமிஷனரே கையெழுத்திடுவார். தடையுத்தரவும் அப்படியே. 2013, 2014 அரசாணைகள் வழியாக நன்னடத்தைப் பிணை கேட்டு, அதை மீறினால் சிறைக்கு அனுப்பும் நீதித்துறை அதிகாரத்தைத் துணை ஆணையர்கள் வரை இறக்கிவிட்டார்கள். 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. பிடித்துக் கொண்டுவருகிறவரே தீர்ப்பும் எழுதினால் எங்கள் வேலை சுலபம்தான். சுலபமான வேலையைப் பார்த்தால் எனக்கு எப்போதும் கொஞ்சம் பயம்.

களக்காடு, ஓய்வு பெற்ற ஆசிரியர்: எங்கள் பாட்டனார் காலத்தில் காணாமல் போன மாட்டைத் துப்புக்கூலி கொடுத்து மீட்டார்களாம். அதுதான் மாமூலின் தாத்தா என்கிறேன் நான். சரியா?

முக்கால் பங்கு சரி, ஐயா. நம் சீமையில் ஊருக்கு ஊர் காவல்காரர் உண்டு. பாளையக்காரர்கள் கொண்டிருந்தது திசைக்காவல், ஊர்க்காவல்காரருடையது தலங்காவல். அறுவடையில் களத்திலேயே காவல்காரருக்குப் பங்கு போய்விடும். பதிலுக்கு, மாடு களவுபோனால் கண்டுபிடித்துத் தர வேண்டும். முடியாவிட்டால் விலையைக் காவல்காரர் ஈடுகட்ட வேண்டும். இந்த இரண்டாம் பாதியை மறந்துவிடாதீர்கள். நாளடைவில் அதைத்தான் மறந்தார்கள். மாடு எங்கே கட்டியிருக்கிறது என்று ‘துப்பு’ சொல்ல ஒரு தொகை, அதுதான் துப்புக்கூலி. கட்டியவனும் துப்புச் சொன்னவனும் பல சமயம் ஒரே வீட்டுக்காரர்கள். 1917இல் வந்த திருநெல்வேலி மாவட்டக் கெசட்டியரில் வெள்ளைக்கார அதிகாரி பேட் இதையெல்லாம் விலாவாரியாக எழுதியிருக்கிறார்.

பெருமைக்காரச் சென்னைப் போலீசும் இதே விதையில் முளைத்ததுதான். கம்பெனிக்காரர்கள் கோட்டை கட்டிய காலத்தில் இந்தியர்கள் குடியிருந்த கறுப்பர் நகரத்தைக் காத்தவர் பெத்த நாயக்கர் என்ற பரம்பரைக் காவல் தலைவர். தலையாரிகளை வைத்துக்கொண்டு இரவுக் காவல் பார்ப்பார். சந்தைக்கு வரும் சரக்கில் அவருக்குச் சிறு வரி. களவுபோன பொருளைக் கண்டுபிடிக்காவிட்டால் நஷ்டத்தை அவர் தர வேண்டும். சௌகார்பேட்டை பக்கம் பெத்தநாயக்கன்பேட்டை என்றொரு பகுதி இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. பிறகு 1770இல் கவர்னர் டூப்ரே ஒரு வாரியம் வைத்தார், சந்தையை மேற்பார்க்கும் கொத்தவால் வந்தார், சூப்பரின்டென்டென்ட் வந்தார். 1856இல் எல்லாவற்றையும் ஒரே ஆளின் கீழ்க் கொண்டுவந்து போல்டர்சன் என்ற ராணுவ அதிகாரியை முதல் கமிஷனர் ஆக்கினார்கள். எழும்பூரில் அருணகிரி முதலியாருடைய கட்டடம் மாதம் 165 ரூபாய் வாடகையில் இருந்தது. அதே ஆண்டு 21,000 ரூபாய்க்கு வாங்கிக் கமிஷனர் அலுவலகமாக வைத்துக்கொண்டார்கள். நான் அந்தச் சிவப்புக் கட்டடத்தின் படிகளில் சம்பளப் பிடித்தத்துக்காக எத்தனை தடவை ஏறி இறங்கியிருப்பேன் என்று கணக்கில்லை. 2013இல் அலுவலகம் வேப்பேரிக்குப் போனது. 2021 செப்டம்பரில் பழைய கட்டடத்தைக் காவல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். சென்னை போனால் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

பாட்டனார் கதைக்கு வருகிறேன். பெத்த நாயக்கரும் நம் காவல்காரரும் பொருளை இழந்தவனுக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சீருடை வந்த பிறகு நாங்கள் மேலே இருப்பவருக்குப் பதில் சொல்லத் தொடங்கினோம். நகையை இழந்த வீட்டுக்காரர் வந்தால் எழுந்து நிற்கிற போலீசை நான் கண்டதில்லை, டி.சி. என்கிற துணை ஆணையர் வந்தால் பாரா நிற்பவர் முதல் பூட்டிக் கிடக்கிறவர் வரை எல்லோரும் எழுந்துவிடுவார்கள்.

மேலப்பாளையம், சட்டக் கல்லூரி மாணவி: ஸ்டேஷனில் அடிப்பது எப்போது தொடங்கியது? சாத்தான்குளத்துக்குப் பிறகாவது மாறியதா? மழுப்பாமல் சொல்லுங்கள்.

மழுப்பவில்லை, மகளே. தொடங்கிய தேதி யாருக்கும் தெரியாது. முதலில் எழுதிவைத்த தேதி தெரியும். சென்னை மாகாணத்தில் நடக்கும் சித்திரவதையைப் பற்றி விசாரித்த ஆணையம் 1855இல் அறிக்கை கொடுத்தது. விரலை நெரிக்கும் கிட்டி, ஆளை வளைத்துக் கட்டிப்போடும் அண்ணாந்தாள் என்று நம் தமிழ்ச் சொற்களே அந்த இங்கிலீஷ் அறிக்கையில் ஏறிவிட்டன. அப்போது வரி வசூலும் காவலும் ஒரே கையில் இருந்தன. தாசில்தாரின் ஆளே போலீஸ். இரண்டையும் பிரித்தால் கொடுமை குறையும் என்றுதான் 1859இல் தனிக் காவல் துறை உருவானது.

இப்போது 161 வருடம் தாண்டி வா. 2020 ஜூன் 19, சாத்தான்குளம். ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். 22, 23 தேதிகளில் அடுத்தடுத்து இருவரும் இறந்தார்கள். மாஜிஸ்திரேட் விசாரிக்கப் போனபோது ஸ்டேஷனில் ஒத்துழைப்பு இல்லை. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை என்ன செய்தது தெரியுமா? அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் சொன்னது. எந்தத் தாசில்தார் கையிலிருந்து 1859இல் பிடுங்கினார்களோ, அவர் கையிலேயே திரும்பக் கொடுக்க வேண்டி வந்தது. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் என்னைப் பிடித்து உலுக்கியது வேறொன்று. முதல் தகவல் அறிக்கையில், இருவரும் தரையில் உருண்டதால் உள்காயம் ஏற்பட்டது என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். அந்த வாக்கியத்தை எழுதியவரை எனக்குத் தெரியாது. வாக்கியத்தை நன்றாகத் தெரியும். அதன் அண்ணன் தம்பிகளை நான் எழுதியிருக்கிறேன்.

1986. வடசென்னையில் ஒரு ஸ்டேஷன், பெயர் வேண்டாம். சைக்கிள் திருட்டுச் சந்தேகத்தில் இருபது வயதுப் பையன் ஒருவன். இரவு நான் ரைட்டர் மேசையில் இருந்தேன். நூல் கட்டிய பேனா, நடுவில் தேய்ந்து வெளுத்த கார்பன் தாள், பொது நாட்குறிப்பு. உள் அறைச் சத்தம் கேட்கக் கூடாதென்று ஒயர்லெஸ் மைக்கின் ஒலியை நான்தான் கூட்டி வைத்தேன். விடிந்ததும் அவனுடைய இடது கால் செருப்புக்குள் நுழையவில்லை. ரிமாண்டுக்குக் கொண்டுபோவதற்கு முன் மருத்துவரிடம் காட்ட வேண்டும், குறிப்பு வேண்டும். ‘நீயே ஏதாவது எழுதிவிடு’ என்றார் ஆய்வாளர். நான் எழுதினேன்: ‘தப்பி ஓட எத்தனித்து, கழிவறை அருகே வழுக்கி விழுந்ததில் இடது காலில் வீக்கம்.’ அழகான கையெழுத்து எனக்கு. அரசு மருத்துவமனையில் அந்த டாக்டர் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “உங்கள் ஸ்டேஷனில் குடிக்கவே தண்ணீர் கிடையாதே. எதில் வழுக்கினான்?” என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பையன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் என் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடித்தவர்கள் நான்கு பேர். ஆனால் அந்த அடியை இல்லாமல் ஆக்கியவன் நான் ஒருவன். சாத்தான்குளத்தில் ஒரு பெண் தலைமைக் காவலர், இரவு முழுக்க நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் உள்ளபடி சொன்னார். மத்தியப் புலனாய்வுத் துறை ஒன்பது போலீசார் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும் அளவுக்கு வழக்கு நின்றதில் அவர் வாக்குமூலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. என்னைப் போன்ற அதே நிலை, அதே ஸ்டேஷன் வாழ்க்கை. எனக்கு 1986இல் வராத வாய், அவருக்கு 2020இல் வந்தது.

மாறியதா என்று கேட்டாய். சாத்தான்குளம் ஸ்டேஷனில் கேமரா இருந்தது. பதிவு அன்றன்றே தானாக அழியும்படி வைத்திருந்தார்கள் என்று மாஜிஸ்திரேட் கண்டுபிடித்தார். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கில், நாடு முழுக்க எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும், பதிவைப் பதினெட்டு மாதம் வைத்திருக்க வேண்டும் என்றது. 2023இல் அம்பாசமுத்திரம் பக்கம் விசாரணைக்குப் போனவர்கள், ஐ.பி.எஸ். அதிகாரி ஒருவர் தங்கள் பற்களைப் பிடுங்கியதாகப் புகார் சொன்னபோது, எல்லோரும் முதலில் கேட்டது ‘கேமரா பதிவு எங்கே’ என்பதைத்தான். கேட்கிற கேள்வி மாறியிருக்கிறது. அவ்வளவுதான் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

பேட்டை வாசகர்: போலீஸ் மீது புகார் என்றால் யாரிடம் கொடுப்பது?

2006இல் பிரகாஷ் சிங் வழக்கில், ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் புகார் ஆணையம் வையுங்கள் என்றது உச்ச நீதிமன்றம். நம் மாநிலம் 2013இல் காவல் சீர்திருத்தச் சட்டம் போட்டது. அதன்படி மாநில ஆணையத்துக்குத் தலைவர் உள்துறைச் செயலாளர், டி.ஜி.பி. உறுப்பினர். மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். மாமியார் கொடுமையென்று பஞ்சாயத்துக்குப் போனால் பஞ்சாயத்துத் தலையில் மாமியாரே உட்கார்ந்திருந்த கதை. மனித உரிமை ஆணையத்துக்கு எழுதுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

கொக்கிரகுளம் வாசகர்: 1999 ஜூலை 23 பற்றி உங்கள் பதில் என்ன? போலீஸ்காரராக அல்ல, நெல்லைக்காரராகச் சொல்லுங்கள்.

அன்று நான் சென்னையில் இருந்தேன். மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காகவும், கைதானவர்களை விடுவிக்கச் சொல்லியும் கலெக்டர் அலுவலகம் நோக்கி ஊர்வலம். தடியடி. ஒரு பக்கம் தடி, மறுபக்கம் தாமிரபரணி. 17 பேர் செத்தார்கள். அதில் ஒன்றரை வயதுக் குழந்தையும் உண்டு. நம் மாநகரக் காவலுக்கு அப்போது வயது இரண்டு. நீதிபதி மோகன் ஆணையம் பெரும்பாலும் போலீஸ் தரப்பையே ஏற்றுக்கொண்டது.

கூட்டத்தைக் கலைக்கும் பயிற்சியில் எங்களுக்கு முதல் பாடம், கலைகிறவர்கள் ஓடுவதற்கு வழி விட்டு நிற்க வேண்டும் என்பது. புதுப்பேட்டை ஆயுதப்படை மைதானத்தில் வெயிலில் நிற்க வைத்து இதை எங்களுக்கு மண்டையில் ஏற்றினார்கள். கொக்கிரகுளத்தில் ஓடுவதற்கு ஆறுதான் இருந்தது. ஆணையம் என்ன சொல்லியிருந்தாலும் அந்தப் படித்துறையைப் பார்த்த எந்த ஆயுதப்படைக்காரனுக்கும் இது புரியும். வருடா வருடம் ஜூலை 23இல் ஆற்றில் மலர் தூவ வருகிறார்கள். நான் கூட்டத்தில் நிற்பதில்லை. பாலத்தின் மேல் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.

டவுன், பள்ளி மாணவன்: வ.உ.சி. கைதானபோது நெல்லையில் போலீஸ் ஸ்டேஷனை எரித்தது உண்மையா?

உண்மை தம்பி. 1908 மார்ச் 12இல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொதித்தது. போலீஸ் ஸ்டேஷன், நகராட்சி அலுவலகம், தபால் அலுவலகம் எல்லாம் தாக்குதலுக்கு ஆளாயின. போலீஸ் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அரசாங்கம் தண்டக் காவல் படையைக் கொண்டுவந்து வைத்து, அதன் செலவை ஊர் மக்கள் தலையிலேயே வரியாகக் கட்டியது. பரீட்சைக்கு முன்பாதி போதும். பின்பாதியை நீயே வைத்துக்கொள்.

வள்ளியூர், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்: இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தால் எப்போது எஸ்.ஐ. ஆகலாம்? ஆர்டர்லி வேலை இன்னும் இருக்கிறதா?

என் காலக் கணக்குப்படி பத்து வருடத்தில் முதல் நிலைக் காவலர், பதினைந்தில் தலைமைக் காவலர், இருபத்தைந்தில் சிறப்பு உதவி ஆய்வாளர். இந்தக் கணக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருகிறார்கள். புதிய அரசாணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரடி எஸ்.ஐ. தேர்வு தனி. சீருடைப் பணியாளர் தேர்வாணையம் நடத்துகிறது. படிக்கிற கண் இருந்தால் அதை எழுதுங்கள், ஏட்டாகி எஸ்.ஐ. ஆவது நாற்றங்காலில் உட்கார்ந்து நெல் பழுக்கக் காத்திருப்பது போல.

ஆர்டர்லி முறையை 1979லேயே ஒழித்து ஆணை போட்டாயிற்று. நான் ஆர்டர்லியாகப் போனது 1981இல். கணக்குச் சரியாக வருகிறதா? காலை ஐந்தரைக்கு அதிகாரி வீட்டு நாயை நடத்திப் போவேன். அந்த நாய்க்கு என்னைவிட நல்ல சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை சிந்தாதிரிப்பேட்டையில் மீன். சின்ன வஞ்சிரமாக வாங்கி வந்தால் அதிகாரி வீட்டம்மா முகம் கோணும். ஒருநாள் அவர் மகள், ஏழு வயதுக் குழந்தை, ‘அங்கிள், நீங்கள் எப்போது போலீஸ் வேலைக்குப் போவீர்கள்?’ என்று கேட்டாள். 2022இல் உயர் நீதிமன்றம் மறுபடியும் கண்டித்த பிறகு ஆட்களைத் திருப்பி அனுப்பியதாகச் செய்தி வந்தது. 1979க்கும் 2022க்கும் இடையில் எத்தனை நாய் நடந்திருக்கும்! 2021இல் காவலர்களுக்கு வாராந்திர ஓய்வு என்று ஆணை வந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது மட்டும் இன்னும் பத்து வருடம் தள்ளிப் பிறந்திருக்கலாமோ என்று தோன்றியது.

பாபநாசம் வாசகி: பெண் போலீஸ் எப்போது வந்தார்கள்?

1973இல், சென்னையில். ஒரு எஸ்.ஐ., ஒரு ஏட்டு, 20 காவலர்கள். முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992 ஏப்ரலில் ஆயிரம் விளக்கில். எங்கள் ஸ்டேஷனுக்கு முதல் பெண் காவலர் வந்த அன்றைக்குத்தான், அவருக்கென்று ஒரு கழிவறை இல்லை என்பது ஆண்கள் இருபது பேருக்கும் உறைத்தது.

சுத்தமல்லி வாசகர்: சென்னைப் போலீஸ் நம் போலீசைவிட ஒழுங்கு என்கிறார்களே?

பெரிது. 2022 ஜனவரியிலிருந்து தாம்பரம், ஆவடி என்று இரண்டைத் தனிக் கமிஷனர்களுக்குப் பிரித்துக் கொடுத்த பிறகும் பெரிது. கூடுதல் டி.ஜி.பி. நிலையில் கமிஷனர் இருக்கிறார், கீழே அடுக்கடுக்காக அதிகாரிகள். ஒழுங்கா என்றால், 2009 பிப்ரவரி 19இல் உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே போலீஸ் தடி வீசியது. வக்கீல்களோடு ஒரு நீதிபதிக்கும் அடி. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தைக் கலைத்த நாளில், சீருடையில் இருப்பவர்கள் வாகனத்துக்குத் தீ வைப்பது போன்ற காட்சிகளை நாடே பார்த்தது. 2012இல் வேளச்சேரியில் வங்கிக் கொள்ளைச் சந்தேகத்தில் ஐந்து பேர் ஒரே வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ‘தற்காப்புக்காகச் சுட்டோம்’ என்றது துறை. நடந்ததற்கு நான் சாட்சி இல்லை. ஆனால் எந்த ஊர் என்கவுன்ட்டர் செய்தியை எடுத்தாலும் அதே வாக்கியம், அதே வரிசை. முதலில் அவர்கள் தாக்கினார்கள், பிறகு நாங்கள். ரைட்டராக இருந்தவனுக்கு, வார்த்தை மாறாத வாக்கியத்தைப் பார்த்தாலே கை அரிக்கும். ஒவ்வொரு என்கவுன்ட்டரையும் வேறு பிரிவு தனியாக விசாரிக்க வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் விதி வகுத்ததும் இந்த அரிப்பினால்தான் என்று நினைக்கிறேன்.

ஜங்ஷன், பெயர் வேண்டாம் என்கிறார்: நீங்கள் மாமூல் வாங்கியதுண்டா? அல்வாவாவது?

காசு வாங்கியதில்லை. ஓசி டீ கணக்கில்லாமல் குடித்திருக்கிறேன். அல்வா நான் கொடுத்திருக்கிறேன். ஊருக்கு வந்து திரும்பும்போது கால் கிலோ கொண்டுபோனால்தான் அடுத்த விடுப்புக்கு ஆய்வாளர் கையெழுத்து.

பெருமாள்புரம் வாசகி: பஸ்ஸில் என் செல்போனைத் திருடிவிட்டார்கள், அண்ணாச்சி. ஸ்டேஷனில் ‘காணாமல் போனது என்று எழுதிக் கொடுங்கள் அம்மா, சீக்கிரம் கிடைக்கும்’ என்கிறார்கள். எழுதிக் கொடுக்கலாமா?

கூடாது, அம்மா. இது எங்கள் தொழிலின் மிகப் பழைய வித்தை. ‘திருடப்பட்டது’ என்றால் குற்றம், எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், ஸ்டேஷன் கணக்கில் ஒரு திருட்டு ஏறும், மாதக் கூட்டத்தில் ஆய்வாளர் பதில் சொல்ல வேண்டும். ‘காணாமல் போனது’ என்றால் ஒரு ரசீதோடு முடிந்தது. இப்படி எழுதச் சொல்லி நானே எத்தனையோ பேரிடம் இனிக்க இனிக்கப் பேசியிருக்கிறேன்.

மனுவில் தேதி, பஸ் ஏறிய நேரம், இறங்கிய இடம், பெட்டியில் அச்சடித்திருக்கும் பதினைந்து இலக்க ஐ.எம்.இ.ஐ. எண், ‘திருடப்பட்டது’ என்ற சொல், இவ்வளவும் இருக்கட்டும். எஃப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசம். 2024 ஜூலையிலிருந்து அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு சொல்கிறது. பஸ் எந்த ஸ்டேஷன் எல்லையில் போனது என்று அலைக்கழித்தால், எல்லை எதுவானாலும் பதிய வேண்டும் என்பதும் அதே பிரிவுதான். மறுத்தால் மனுவைப் பதிவுத் தபாலில் மேலதிகாரிக்கு அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

ரைட்டர் நாற்காலி போட்டு உட்கார வைப்பார், ‘நம்ம ஊர்ப் பெண்’ என்பார், டீ வரவழைப்பார். டீயைக் குடியுங்கள். சொல்லை மாற்றாதீர்கள்.